டாக்டரம்மா பேச்சும் பக்கத்து மருந்துக்கடையும்

மருந்துக்கடைக்காரன் பிழைப்பில் பாதி, டாக்டர் சொன்னதையே திரும்பச் சொல்வது. சீட்டும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றிருக்கிற உங்களுக்கும் அது தெரியும். கரமனையில் என் கடையை ஒட்டி டாக்டர் சாரதாவின் கிளினிக் இருந்த காலத்தில் மட்டும் எனக்கு அந்த வேலை குறைவு. நடுவில் பலகைத் தடுப்புதான். அவர் பேசுவது இங்கே கேட்கும். இப்போது அந்தப் பக்கம் செல்போன் கடை. இன்னும் சில நேரம் என் காது அந்தக் குரலைத் தேடுகிறது.

காலம்பறக் காப்பி

அக்ரஹாரத்து வெங்கிட்டு மாமாவுக்குச் சர்க்கரை. பார்த்த டாக்டரெல்லாம் அதை விடு, இதை விடு என்றதில், மாமா டாக்டர்களையே விட்டுவிட்டார். காலில் புண் வந்து ஆறாமல் போகவே மகள் இழுத்து வந்தாள்.

"மாமா, உங்களால எதை விடவே முடியாது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"காலம்பறக் காப்பி."

"அது இருக்கட்டும். சர்க்கரை மட்டும் போடாதீங்கோ. மத்ததை மெதுவாப் பார்ப்போம்."

புண் ஆறியது. மாமா மாதம் தவறாமல் மாத்திரை வாங்க வந்தார். ஒருநாள் சொன்னார்: "எல்லாரும் எதை விடணும்னு சொன்னா, எதை விட முடியாதுன்னு இவ ஒருத்திதாண்டா கேட்டா!"

மணியின் இடது கை

மணி தம்பானூரில் ஆட்டோ ஓட்டியவன். வேறெங்கோ ஒரு டாக்டர் தலை நிமிராமல் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தலைவலி போனதும் மணி நிறுத்திவிட்டான். சில மாதத்தில் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனிடம் டாக்டரம்மா ஏன் நிறுத்தினாய் என்று திட்டவில்லை. "பிரஷர் சத்தம் போடாது மணி. மாத்திரை சாப்பிடுற வரைக்கும்தான் அடங்கியிருக்கும். எங்கே, எனக்கு நீ திருப்பிச் சொல்லு" என்றார். சொன்னான். அதன்பிறகு ஒருவேளைகூட விடவில்லை. கை ஓரளவு வந்தது. ஆட்டோ ஓட்டும் அளவுக்கு வரவில்லை. என் கடையில் வலது கையால் மாத்திரையை வாங்கிக்கொண்டு, இந்த ஊர்க்காரர்கள் பேசுகிற மலையாளம் கலந்த தமிழில் கேட்டான்: "இது அன்னைக்கே ஆராவது பறஞ்சிருந்தா, என்ட கை இப்பவும் ஹேண்டில்ல இருக்கும், அல்லே அண்ணாச்சி?"

ஆரஞ்சு நிறம்

நாகர்கோவில் பெண் ஜெசி, இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். காசநோய் என்றதும் அழுதுவிட்டாள். டாக்டரம்மா அழுகை ஓயும்வரை காத்திருந்துவிட்டு, "மூத்திரம் ஆரஞ்சு நிறமாப் போகும். ரத்தம்னு பயந்து மருந்தை நிறுத்திராதே, அது மருந்தோட சாயம். விடாம முடிச்சா குணமாயிடும்" என்றார்.

மறுநாளே சிரிப்பும் வெட்கமுமாக வந்து நின்றாள். மருந்தை முழுசாக முடித்து, கல்யாணப் பத்திரிகையோடும் பிறகு வந்தாள். ஆனால் என் மனசில் நிற்பது அந்த மறுநாள் அவள் சொன்னதுதான்: "டாக்டர் சொன்னமாதிரியே ஆரஞ்சாப் போச்சுண்ணே, அப்ப குணமாகும்னு சொன்னதும் நடக்கும்லா!"

டாக்டரம்மா ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய பிரஷர் மாத்திரையும் என் கடையிலிருந்துதான் போகிறது, ஆனால் ஒரு மாத மாத்திரை அவருக்கு இரண்டு மாதம் வருகிறது. ஊருக்கே மாத்திரை விழுங்கப் பழக்கியவருக்கு, மறக்காமல் சாப்பிடச் சொல்ல ஒரு டாக்டரம்மாதான் கிடைக்கவில்லை.