ஆமைக் குழிக்கு வைத்த விளக்கு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். என் வீட்டில் ஆமையால்தான் அடுப்பு எரிகிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் தாராவியில் இருக்கும் என் அம்மாவுக்கு மனசு ஆறாது. "இம்புட்டுப் படிச்சிட்டு ஆமை மேய்க்கியே, ஏளா" என்பாள். ஆமையை மேய்த்தால் பரவாயில்லையே. நான் மேய்ப்பதெல்லாம் மனிதர்களை. அதுகள்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

அரபிக்கடலில் ஒரு சின்னத் தீவு, அதில் ஒரு ரிசார்ட். அங்குள்ள பவளப்பாறை, பறவை, ஆமை எல்லாவற்றையும் பாதுகாக்கும் திட்டங்களுக்கு நான் மேனேஜர். ஆபீஸ் செம்பூரில். பாதி நாள் தீவு, பாதி நாள் இங்கே. தீவில் வேலையா, கொடுத்து வைத்தவள் என்று பார்க்கிறவர்களெல்லாம் பெருமூச்சு விடுகிறார்கள். ஒரு சீசன் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும், தெரியும் சங்கதி.

அந்த சீசனில் எங்கள் கடற்கரைக்கு ஒரே ஒரு ஆமைதான் முட்டையிட வந்தது. வந்ததுதான் வந்தது, கல்யாணப் பந்தல் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி முட்டையிட்டு, மணலை மூடிவிட்டுப் போய்விட்டது. குஞ்சு பொரியும் வாரத்தில், மாட்டுங்காவிலிருந்து ஒரு குடும்பம் அறுபதாம் கல்யாணத்துக்கு ரிசார்ட்டையே எடுத்திருந்தது. கடற்கரை முழுக்க விளக்கு போட்டு ஜொலிக்க வைக்க வேண்டும் என்றார் எங்கள் ஜெனரல் மேனேஜர். ஆமைக்குஞ்சு இருட்டில் வெளியே வரும், கடல் பக்கம் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நடக்கும், கரையில் விளக்கு எரிந்தால் திசை மாறிச் செத்துப்போகும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். கடைசியில் விளக்கெல்லாம் அணைக்க ஒத்துக்கொண்டார். ஆனால் அதற்கு வட்டியாக, குழியைப் பற்றி அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிட்டார். கூர்மாவதாரமே உங்கள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறது என்றாராம்.

அவ்வளவுதான். கல்யாணத் தம்பதியில் மாமி, அந்தக் குழிக்குப் பால் அபிஷேகம் செய்ய ஏற்பாடு செய்துவிட்டார்.

மாட்டுங்காவில் அவர்கள் ஃபிளாட்டுக்கு ஓடினேன். மாமா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். பேச்செல்லாம் மாமிதான். டபராவில் காபி வந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பால் ஊற்றினால் முட்டை அழுகும், எறும்பு வரும். மஞ்சள் கூடாது, பூ கூடாது. கரையில் விளக்கு எதுவும் இருக்காது, ஏன் என்றால் இன்னது. குஞ்சு வெளியே வந்தால் அதுவே நடந்து கடலுக்குப் போக வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது. மாமியின் முகம் சுருங்கியது. ஆனாலும் நான் சொன்னபடியே நடப்பதாக வாக்குக் கொடுத்தார், ஸ்வாமி விஷயத்தில் கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்றார். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. கெட்டவர்களாக இருந்தால் நான் சமாளித்துவிடுவேன். இந்த நல்லவர்களிடம்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

கல்யாணத்தன்று நான் தீவில் இருந்திருக்க வேண்டும். விருந்தாளிகளிடம் சண்டை பிடிப்பாய், செம்பூரிலேயே இரு என்று சொல்லிவிட்டார் ஜெனரல் மேனேஜர். என் வாய் அப்படி. வயிற்றெரிச்சலோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஸ்வாமி அலமாரியில் விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன், போன் அடித்தது. மாமி, வீடியோ காலில்.

திரையில் முதலில் தெரிந்தவை அகல் விளக்குகள். குழியிலிருந்து பந்தல் வரை இரண்டு பக்கமும் வரிசையாக. விளக்கு வைக்கிற நேரத்தில் ஸ்வாமி இருட்டில் கிடப்பதா என்று மாமிக்குப் பொறுக்கவில்லை. ரிசார்ட்டின் பெரிய லைட்டுதானே ஆகாது, தம்மாத்தூண்டு தீபம் என்ன செய்யும் என்று நினைத்திருக்கிறார். பால் ஊற்றவில்லை, மஞ்சள் போடவில்லை, வாக்கு மாறவே இல்லை. குழியிலிருந்து குஞ்சுகள் பொங்கிப் பொங்கி வந்துகொண்டிருந்தன. கடல் ஒரு பக்கம் கிடக்க, எல்லாம் விளக்கு வரிசையோடு பந்தலைப் பார்த்து நடந்தன. சுற்றிலும் ஜனங்கள் கைகூப்பி நின்றார்கள்.

"நீயே பாரும்மா. தீபத்தைத் தேடிண்டு வரதுகள்" என்றார் மாமி. அழுதுகொண்டிருந்தார், சந்தோஷத்தில்.

"மாமி, விளக்கை அணைங்க. கடல்னு நெனச்சு வருதுக. செத்துப்போயிரும்."

"அறுபதாம் கல்யாணத்தன்னிக்கு என் கையால விளக்கை அணைக்கச் சொல்றியே."

"அப்ப குஞ்சையாவது தூக்கித் தண்ணிப் பக்கம் விடுங்க."

"கை வைக்கப்படாதுன்னு நீதானே சொன்னே?"

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லையே. அவருடைய புருஷனின் ஆயுசுக்காக ஏற்றிய விளக்கு அது. நானாக இருந்தால் அணைத்திருப்பேனா? என் முதுகுக்குப் பின்னால் என் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்போது மாமா திரைக்குள் வந்தார். பட்டு வேட்டியோடு குனிந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி முதல் விளக்கின் மேல் போட்டார். அப்புறம் அடுத்தது. ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனார். மாமி வேண்டாம் வேண்டாம் என்பது கேட்டது. திரை இருண்டது. அலைச் சத்தமும் மாமி விசும்புவதும் மட்டும் கொஞ்ச நேரம் வந்து, தொடர்பு அறுந்தது.

காலையில் தீவுக் காவலாளி கூப்பிட்டார். இருட்டானதும் பெரும்பாலானவை திரும்பிக் கடலுக்குப் போய்விட்டனவாம். முன்னால் போனவைதான் பந்தலுக்குள் நுழைந்திருக்கின்றன. நாற்காலிகளுக்கு அடியில் மிதிபட்டும் காய்ந்தும் கிடந்தவற்றை, விருந்தாளிகள் எழுமுன் அள்ளி எடுத்துவிட்டதாகச் சொன்னார். அன்று நான் சாப்பிடவில்லை.

அடுத்த மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர் பெரிய திரையில் வீடியோ போட்டார். யாரோ விருந்தாளி எடுத்தது. குஞ்சுகள் தீபத்தை நோக்கி வரும், ஜனங்கள் கைகூப்புவார்கள், அத்தோடு முடிந்துவிடும். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த சீசனிலிருந்து ஒவ்வொரு அறுபதாம் கல்யாணத்துக்கும் இதைச் செய்யலாம், உன் திட்டத்திலேயே சேர்த்துவிடு என்றார் என்னிடம். நான் ஹிந்தியில் ஆரம்பித்துத் திருநெல்வேலித் தமிழில் முடித்தேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் அசரவில்லை. வீடியோவை ரிசார்ட் விளம்பரத்தில் போட அந்தத் தம்பதியின் சம்மதம் மட்டும் வாங்கிக்கொடு என்றார்.

சரி, இதுதான் வழி என்று தோன்றியது. செத்த குஞ்சுகளைப் பற்றிச் சொன்னால் அவர்கள் சம்மதிக்கவே மாட்டார்கள், கூத்து இத்தோடு நிற்கும். மாட்டுங்காவுக்குப் போன் போட்டேன். மாமா எடுத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். மாமி அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். தினம் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாராம்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. குஞ்செல்லாம் பொழைச்சுதோல்லியோ? அதுக்காகத்தான் அணைச்சேன்னு அவகிட்ட சொல்லணும்."

யாருக்கும் அடங்காத வாய் என்று பேர் வாங்கியவள் நான்.

"எல்லாம் கடல்ல சேந்துடுச்சு, மாமா" என்றேன்.

அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. உள்ளே திரும்பி மாமியைக் கூப்பிட்டு அதை அப்படியே சொன்னார். பிறகு எதற்காகக் கூப்பிட்டாய் என்று கேட்டார். வீடியோ விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு கொறையும் இல்லாம நடந்திருக்கே. தாராளமாப் போட்டுக்கச் சொல்லு."