சுமையோடு சந்தையில் உட்கார்ந்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் எங்கள் குடும்பத்தில் பலர் உண்டு. அவர்களுக்கு எழுதத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. எனக்கு எழுதத் தெரியும், மற்றதெல்லாம் குறை. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பார்ப்பதால் இந்த நினைவு மலரையும் நானே கோத்திருக்கிறேன். ஆகவே பிழை கண்டால், யாரைத் திட்டுவது என்று உறவினர்கள் தேடி அலைய வேண்டியதில்லை.

அக்கா பிறந்தது கொல்லிமலையில், குண்டூர் நாட்டில். சில ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அப்பா காலமாகிவிட்டார். சாமைக் காட்டில் களை எடுப்பதும் மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏறிக் காய் பறிப்பதும் அக்காவுக்குப் பிள்ளைப் பருவத்திலேயே வந்துவிட்டன. எனக்கு இன்றுவரை வரவில்லை. பிறகு குண்டனி நாட்டில் அவருக்கு மணமாயிற்று. மச்சான் அதிகம் பேசாதவர். அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார்.

மலையிலிருந்து கீழே வண்டிப் பாதை கிடையாது. விளைந்தது எதுவானாலும் தலைமேல் ஏறித்தான் சந்தைக்குப் போக வேண்டும். மிளகு மூட்டையை ஒருவர் தாமாகவே தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. தாமாகவே இறக்கவும் முடியாது. கூட வருகிறவர் ஒரு கை கொடுக்க வேண்டும். தனியாக இறக்கப் பார்த்தால் மூட்டை விழுந்து பிரிந்து, மிளகு மண்ணோடு மண்ணாகும். அதனால் எங்கள் பக்கத்தில் வழியில் யார் நின்று “ஒரு கை குடுங்க” என்று கேட்டாலும், பகையாளியானாலும் கொடுத்துவிட்டுத்தான் பகையைத் தொடர்வோம்.

அடிவாரத்தில் நாங்கள் போகும் சந்தையில் இந்த வழக்கம் செல்லாது. அது எந்தச் சந்தை என்று சொல்லமாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் சிலர் கையிலும் இந்த மலர் இருக்கிறது. அங்கே மலைக்காரர்கள் விலை முடிகிறவரை சுமையை இறக்கக் கூடாது. புளிய மரத்தடி முழுவதும் கீழூர் வியாபாரிகளுக்கு. நாங்கள் வெயிலில், மூட்டை தலையிலிருக்க, நின்றபடி விலை பேச வேண்டும். இறக்கி வைத்தால் இடத்தை அடைத்துக்கொள்வோமாம். உண்மை வேறு. தலையில் பாரம் இருக்கிறவர் எவ்வளவு நேரம் பேரம் பேசுவார்? வியாபாரி வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தால் போதும். நேரம் ஆக ஆக எங்கள் கழுத்தே அவருக்காக விலையைக் குறைத்துவிடும்.

எங்கள் அம்மாவின் கழுத்து அப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுபோனது. கடைசிக் காலத்தில் அம்மா என்னைத் திட்டினால் பக்கத்து வீட்டைப் பார்த்துத் திட்டுவது போல இருக்கும். பக்கத்து வீட்டார் வருத்தப்படுவார்கள், நான் சிரிப்பேன். அக்கா சிரித்ததில்லை. அவருக்கு மகள் பிறந்ததும் குழந்தையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, “இந்தக் கழுத்து நேராத்தான் இருக்கோணும்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஏதோ பச்சைக் குழந்தையைக் கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

மகள் தவழத் தொடங்கிய ஆண்டு, மிளகு அறுவடை முடிந்த ஒரு சந்தை நாள். எங்கள் நாட்டுப் பெண்கள் பலரோடு நாங்களும் இறங்கினோம். அக்காவின் தலையில் மிளகு மூட்டை. என் தலையில் பலாப்பழக் கூடை. சந்தை வாசலைத் தாண்டி நாலடி போனதும் அக்கா நின்றார். வண்டிகள் உள்ளே வருகிற வழியின் நட்டநடுவில் நின்றார். ஒரு காலை மடித்தார். மறு காலை மடித்தார். மூட்டை அசையவில்லை. கோவில் தேர் நிலைக்கு வருவது போல மெதுவாக, நிமிர்ந்த முதுகோடு, சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாரத்தோடு ஒருவர் உட்கார முடியும் என்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

“அக்கா, என்னக்கா பண்றே?” என்றேன்.

“பார்த்தா தெரியலையா கண்ணு? குந்தியிருக்கறேன். நீயும் குந்து.”

நானும் முயன்றேன். பாதி வழியில் முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. கூடையோடு சாய்ந்தேன், பழம் வெடித்தது. என் போராட்டத்தில் முதலில் வந்து சேர்ந்தவை ஈக்கள்தாம். ஆனால் அக்காவுக்குப் பின்னால் வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்தவள் அவள் தோளைப் பிடித்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வழி முழுவதும் மூட்டைகளும் அவற்றின் கீழே முகங்களும்.

சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஓடி வந்தார். பின்னால் மாட்டு வண்டிகள் நின்றுவிட்டன.

“ஏ மலைக்காரி, எந்திரி! வண்டி எப்படிப் போறது?”

“எந்திரிக்கோணும்னுதானுங்க எனக்கும் ஆசை. தலைமேல இருக்கறது உடமாட்டேங்குதே. ஒரு கை குடுத்து இறக்குங்க, எந்திரிச்சுக்கறேன்.”

“இங்க இறக்கக் கூடாதுன்னு தெரியுமில்ல?”

“தெரியுமுங்க. அதனாலதான் இறக்காமக் குந்தியிருக்கறேன்.”

வண்டிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். குத்தகைக்காரருக்கு முகம் சிவந்தது.

“இனி ஒரு மலைக்காரியும் இந்தச் சந்தைக்குள்ள கால் வெக்க முடியாது. உப்புக்கு எங்க போவீங்க?”

அந்தச் சந்தையை விட்டால் எங்களுக்கு உப்பும் துணியும் வேறு வழியில் கிடைக்காது. உட்கார்ந்திருந்த பெண்களும் அக்காவையே பார்த்தார்கள். அவர் எழுந்திருந்தால் எல்லோரும் எழுந்திருப்பார்கள். மறு வாரமும் நின்றிருப்பார்கள். அவர்கள் மகள்களும் நின்றிருப்பார்கள்.

“உப்பில்லாமத் தின்னு பாக்கறமுங்க சாமி,” என்றார் அக்கா. “நீங்களும் மொளகில்லாமத் தின்னு பாருங்க.”

வெயில் உச்சிக்கு வந்தது. அக்காவின் கழுத்து நரம்பு விம்மித் துடிப்பதைப் பார்த்தேன். சும்மாட்டிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணுக்குள் போனது. துடைக்கக் கையை எடுத்தால் மூட்டை சரியும். நான்தான் துண்டால் துடைத்துவிட்டேன். பலாப்பழம் ஒட்டிய துண்டு. “டேய், ஈயை எனக்கும் பங்கு வெக்கறியா?” என்று கேட்டார். அந்த நிலையில் கேலி பேச ஒரு மனித உயிரால் முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

வாசலுக்கு வெளியே வண்டிகள் நீண்டன. சரக்கு வாங்க வந்தவர்கள் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். குத்தகைக்காரர் தம் ஆட்களை ஏவினார். எத்தனை பெண்களைத் தூக்குவது என்று அவர்கள் தயங்கி நின்றார்கள். கடைசியில் அவரே மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து, அக்காவின் மூட்டைக்குக் கை கொடுத்தார். கொடுத்த வேகத்தில் தள்ளாடிவிட்டார். நான் மறுபக்கம் பிடித்திராவிட்டால் அவரும் அக்காவும் பலாப்பழத்தின் மேல் விழுந்திருப்பார்கள்.

“இதையா மலையிலிருந்து கொண்டாறே?” என்றார். அதுவரை எங்கள் மூட்டையின் கனம் அவருக்குத் தராசில் மட்டுமே தெரியும்.

“ஆமாங்க,” என்றார் அக்கா.

குத்தகைக்காரர் புளிய மரத்தடியைக் கையால் காட்டிவிட்டு அடுத்த பெண்ணின் மூட்டைக்குக் குனிந்தார். அன்று மலைக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, விலை கேட்டார்கள். வியாபாரி குறைத்துச் சொன்னால், “யோசிச்சுச் சொல்லுங்க, எங்களுக்கு அவசரமில்லீங்க” என்றார்கள். பிறகும் சில சந்தை நாட்களில் வியாபாரிகள் சில்லறைத் தகராறு செய்து பார்த்தார்கள். அப்போதெல்லாம் அக்கா முழங்காலை லேசாக மடித்துக் காட்டுவார். உடனே இடம் கிடைத்துவிடும்.

சுமை தூக்கவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் போன நான் கீழே இறங்கி ஈய எழுத்துகளைத் தூக்கும் வேலையில் சேர்ந்தேன். அக்கா கடைசிவரை மலையிலேயே இருந்தார். சென்ற ஆண்டு மழை முடிவில் மலைக்காய்ச்சல் கண்டது. கட்டிலோடு கட்டிக் கீழே தூக்கி வந்தோம். வழியெல்லாம், “என்னத் தூக்கறதுக்கு இத்தனை பேரா? காட்டுல வேலை என்னாவறது?” என்று கடிந்துகொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் நினைவோடு பேசியபடியே, மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு கண் மூடினார்.

அன்று கட்டிலைத் தோள் மாற்றித் தோள் சுமந்த இரண்டு நாட்டு உறவினர்களுக்கும், இரவு பகல் பார்த்த வைத்தியருக்கும், இறுதிக் காரியங்களுக்கு மலை ஏறி வந்த சந்தை வியாபாரிகளுக்கும், யுத்தத்தால் காகிதம் கிடைக்காத இந்நாளில் இந்த மலருக்குக் காகிதம் ஒதுக்கிய அச்சுக்கூட உரிமையாளருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இதை அச்சேற்றுமுன் அக்காவின் மகளுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது வாரந்தோறும் சந்தைக்குப் போய் வருகிறவள் அவள்தான். பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

“தலைமேல மூட்டைய வெச்சுக்கிட்டு நின்னே வெலை பேசுனாங்களா? போங்க மாமா, யாராச்சும் அப்படி நிப்பாங்களா? நீங்க எப்பவும் இப்படித்தான் சரடு உடுவீங்க.”

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. அவளுக்கும் என் நன்றி.