பக்கத்துக் கூடாரத்துக் கரண்ட்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. என் தொழில் இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் ரிப்பேர். பதினேழு வருடமாகக் கரண்டோடு குடித்தனம் நடத்துகிறவன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். அப்படிச் சிரித்து எட்டு மாதம் ஆகிறது.

என் அண்ணனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். மணிக்கு நாற்பது, ஐம்பது தடவை. ஒருமுறை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தார். அன்றிலிருந்து ராத்திரியானால் மூக்கில் ஒரு மாஸ்க், தலைமாட்டில் காற்றை அழுத்திக் கொடுக்கும் ஒரு சின்ன மெஷின். அது இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் நாலு வருடமாக அண்ணன் வெளியே எங்கும் தங்கியதே இல்லை.

"ஏரிக்கரையில ஒரே ஒரு ராத்திரி படுத்துப் பாக்கணும்டா" என்றார் ஒருநாள். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். மறுக்க மனசு வரவில்லை.

அங்கே கரண்ட் கம்பமே கிடையாது. கூடாரம் வாடகைக்கு விடுகிற கடைக்காரர், "சோலார் பேட்டரி வேணுமா, ஜெனரேட்டர் வேணுமா?" என்று கேட்டார்.

"ஜெனரேட்டரே எடுத்துக்கலாம் தம்பி" என்றார் அண்ணி. "மேகம் போட்டா என்ன பண்ணுவீங்க?"

"அந்தச் சத்தத்துல யார் அண்ணி தூங்குறது? நான் கணக்குப் போட்டுட்டேன். சோலார் போதும்."

"உங்க கணக்க நம்பி அவர் உசிர வெக்கிறோம்."

"என் தொழிலே இதுதான் அண்ணி."

கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

வேன்காரர் எங்கள் மூன்று பேரையும் இறக்கிவிட்டு, மறுநாள் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். செல்போனில் சிக்னல் இல்லை. மதியத்துக்கு மேல் மேகம் மூடிக்கொண்டது. அண்ணி வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

இரவு 9:30. பேட்டரியில் 74 சதவீதம். மணிக்கு ஐந்து சதவீதம் போனாலும் விடியும்போது முப்பதுக்கு மேல் மிஞ்சும். அண்ணன் மாஸ்க் போட்டுப் படுத்தார். நான் கூடார வாசலில் பாய் விரித்தேன்.

2:18.

பீப்... பீப்... பீப்...

எழுந்து பார்த்தேன். பேட்டரியில் 7 சதவீதம்.

டார்ச் அடித்து மெஷினைப் பார்த்தேன். மூக்கு வறண்டுபோகாமலிருக்க அதில் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு பகுதி உண்டு. வீட்டுப் பழக்கத்தில் அண்ணன் அதையும் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். மெஷின் எடுப்பதைப் போல இரண்டு மடங்கு கரண்ட்டை அது தனியாகக் குடித்திருக்கிறது. உடனே அணைத்தேன். அணைத்து என்ன புண்ணியம்? மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம்.

இருவரையும் எழுப்பியிருக்கலாம். விடிய விடியப் பேச்சுக் கொடுத்து அண்ணனை உட்கார வைத்திருக்கலாம். ஆனால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பது? "உங்க கணக்கு" என்று அவர் ஆரம்பிப்பாரே... அந்த ஒரு வெட்கத்தில் எழுப்பாமல் விட்டேன். இதை இப்போது மறைத்து ஆவதொன்றுமில்லை.

அப்போதுதான் கேட்டது.

டுக்-டுக்-டுக்-டுக்...

மரங்களுக்கு அந்தப் பக்கம். ஜெனரேட்டர்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாயங்காலம் சுள்ளி பொறுக்கப் போனபோது அங்கே யாரும் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. நேரம் கழித்து வந்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐம்பது மீட்டர் ஒயர் சுற்றிய எக்ஸ்டென்ஷன் பெட்டி கையில் இருந்தது. அதை எங்கள் கூடாரத்தில் வைத்து, ஒயரை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

2:51.

ஒரு மஞ்சள் கூடாரம். உள்ளே விளக்கு எரிந்தது. ஜிப் முழுக்க மூடியிருந்தது. ஏரிக்கரை... ஆனால் அந்த வெளிச்சத்தைச் சுற்றி ஒரு பூச்சிகூட இல்லை.

சத்தம் கூடாரத்துக்கு உள்ளேயிருந்து வந்தது.

உள்ளேயிருந்து!

என் தொழிலில் முதல் பாடமே அதுதான். மூடிய இடத்தில் ஜெனரேட்டர் ஓடக் கூடாது. அந்தப் புகைக்கு நிறம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

வாசலில் ஒரு பிளக் பெட்டி வெளியே கிடந்தது. முதலில் என் ஒயரைச் சொருகினேன். பிறகுதான் கூப்பிட்டேன். இந்த வரிசையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

"சார்... யாருங்க உள்ள? ஜெனரேட்டர வெளிய எடுத்து வைங்க. ஆபத்துங்க!"

ஒரு பெண் குரல். தூக்கக் கலக்கத்தில் இருந்தது.

"வெளிய வெச்சா சத்தம்னு திட்டுறாங்க."

"பரவால்ல, இப்ப யாரும் திட்ட மாட்டாங்க. இல்லன்னா நிறுத்திடுங்க."

பிறகு...

"நிறுத்திடறோம். அப்புறம் உங்க அண்ணனுக்கு?"

அண்ணனைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் ஓடுகிற இடத்தில் பெட்ரோல் வாசம் வராமல் இருக்காது. இங்கே வாசமே இல்லை.

"நிறுத்தட்டுமா?" என்றது குரல்.

நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி ஓடிவந்தேன்.

மெஷினை எக்ஸ்டென்ஷனில் மாற்றினேன். 3:02. மெஷின் ஓடியது. அண்ணன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். இருட்டில் அப்படித்தான் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் திரும்பிப் போய், கூடாரத்தைக் கிழித்தாவது அந்த ஜெனரேட்டரை வெளியே இழுத்துப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

3:20. எழுந்தேன். ஒயர் வழியே பாதி தூரம் போனேன். திரும்பினேன்.

3:45. மறுபடி போனேன். மறுபடி திரும்பினேன்.

உட்கார முடியவில்லை... நிற்க முடியவில்லை...

டுக்-டுக்-டுக்-டுக்...

நான் போய்க் கூடாரத்தைத் தொட்டதும் அதை நிறுத்திவிட்டால் என் அண்ணன். நிறுத்தாவிட்டால் அவர்கள்.

4:30.

நான் போகவில்லை.

5:46. சத்தம் நின்றது. மெஷினும் நின்றது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றினார். "இப்படித் தூங்கி எத்தனை வருஷமாச்சுடா!" என்றார்.

நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அதன் நுனி புல்லில் கிடந்தது. பிளக்கில் பனித்துளி. கூடாரம் இல்லை. புல் ஒன்றுகூட மிதிபட்டிருக்கவில்லை.

வேன்காரரிடம் மெதுவாக விசாரித்தேன். வண்டியை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"அந்தப் பக்கம் யாரையும் தங்க விடறதில்லங்க. ஆறு வருஷம் ஆச்சு. புருஷன், பொண்டாட்டி, நாலு வயசுல ஒரு பொண்ணு. அக்கம்பக்கத்துல சத்தம்னு சண்டை போட்டாங்கன்னு ஜெனரேட்டர உள்ள எடுத்து வெச்சுக்கிட்டு ஜிப்ப மூடிட்டாங்க. காலைல மூணு பேரும் எழுந்திருக்கல."

இதோடு முடிந்திருந்தால் கனவு என்று தள்ளியிருப்பேன். நிஜமாகவே அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

பத்து நாள் கழித்து மெஷினைச் சரிபார்க்க கிளினிக்குக் கொண்டுபோனேன். அண்ணன் வரவில்லை. அங்கிருந்த டெக்னீஷியன் அம்மா மெஷினின் பின்னாலிருந்து நகத்தளவு ஒரு கார்டை எடுத்தார். ராத்திரி முழுக்க விடுகிற ஒவ்வொரு மூச்சும் அதில் பதிவாகுமாம். அதுவரை எனக்குத் தெரியாது.

கம்ப்யூட்டரில் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"பத்து நாளைக்கு முன்னாடி ஒரு ராத்திரி, இந்த மாஸ்க்க யாராவது குழந்தைக்குப் போட்டீங்களா?"

"இல்லையே... ஏன்?"

திரையை என் பக்கம் திருப்பினார். இரவு 9:31 முதல் அண்ணனின் மூச்சு. நிமிடத்துக்குப் பதினான்கு. 3:02க்குப் பிறகு நிமிடத்துக்கு இருபத்தெட்டு. சின்னச் சின்ன மூச்சு.

"இது பெரியவங்க மூச்சே இல்லைங்க. நாலஞ்சு வயசுக் குழந்தை இப்படித்தான் தூங்கும்."

கோடு இறங்கியது. நிமிடத்துக்கு இருபது. பதினொன்று... ஆறு...

4:21க்குக் கடைசி மூச்சு. அதற்குப் பிறகு 5:46 வரை மெஷின் ஓடியிருக்கிறது. நேர்க்கோடு.

"அப்ப பக்கத்துல யாரும் இல்லையா?"

"நான் இருந்தேன்."

"முழிச்சிருந்தீங்களா?"

"முழிச்சுத்தான் இருந்தேன்."

அவர் திரையையும் என்னையும் பார்த்தார்.

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"