தொய்ந்து போன கிரேப் பட்டை

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லி மேலே விழுந்தால் பயம், தந்தி என்றால் பயம், பஸ் வளைவில் சாய்ந்தால் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன். கஹவத்தை பஸ்ஸில் கண்டக்டர் முதற்கொண்டு எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் மற்றவர்களைப் பார்த்து "பயப்பட வேண்டாம்" என்று சொன்னேன்.

எங்கள் தோட்டம் கம்பனிக்குக் கைமாறி மூன்றாவது வருடம் அது. இறப்பர் பாலை உறைய வைத்து கிரேப் என்ற இறப்பர் விரிப்பு அடிக்கும் ஸ்டோரில் எனக்கு வேலை. முப்பத்திரண்டு வயதுப் பெண் நான், கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு தங்கச்சியும் நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பராவில் இருந்தோம். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நின்றான். அந்த வைகாசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மேடு. மேட்டுக்கு மேலே கிழட்டு இறப்பர் மரங்கள் நின்ற மலை. புதுக் கன்று நடுவதற்காக அந்த மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அடிக்கட்டைகள் மட்டும் மண்ணுக்குள் கிடந்து உளுத்துக்கொண்டிருந்தன. விறகுக்கு ஒரு கட்டையை ஆட்டினால் வேரோடு கையில் வந்துவிடும், வேர் பஞ்சு மாதிரி பிய்ந்துபோகும். அந்த வேர்கள்தான் மலையைப் பின்னிப் பிடித்திருந்தன என்று எங்களுக்குத் தோன்றவில்லை. சும்மா கிடைக்கும் விறகு என்று சந்தோஷப்பட்டோம்.

குழந்தை பிறந்து இரண்டாம் நாள் மழை பிடித்தது. விடவே இல்லை. மரத்தில் பால் வெட்டு இல்லை, ஸ்டோரும் மூடிக் கிடந்தது. மேட்டில் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும், காலை எடுத்தால் அந்தக் குழி உடனே தண்ணீரால் நிரம்பும். உறைந்த பால் கட்டியைக் கையால் அழுத்தினால் தண்ணீர் கக்கும், விட்டால் திரும்பக் குடிக்கும். தினமும் அதை அழுத்திப் பழகிய கை என்னுடையது. மலை முழுக்க அப்படி ஆகிவிட்டது என்று எனக்கு உள்ளங்காலில் தெரிந்தது.

மழையின் ஐந்தாம் நாள் காலை விறகு பொறுக்கப் போனபோது, லயத்துக்கு மேலே நிலத்தில் ஒரு வெடிப்பைப் பார்த்தேன். நாற்பதடி நீளம் இருக்கும், இரண்டு விரல் அகலம். நான் போட்ட கூச்சலில் லயமே மேலே ஏறி வந்தது. ஆம்பளைகள் வெடிப்புக்குள் களிமண்ணைத் திணித்து மிதித்தார்கள். அதற்குள் மழைத் தண்ணீர் போகக் கூடாது என்று மேலே தார்ப்பாய்ப் படங்கை விரித்து நாலு பக்கமும் கல் வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதன் பிறகு வெடிப்பு கூடுகிறதா குறைகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாமல் போயிற்று.

அதற்கு ஒரு வழியை நான்தான் சொன்னேன். ஸ்டோரிலிருந்து மெல்லிய கிரேப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி வந்தேன். வெடிப்புக்கு மேல் பக்கம் ஒரு கம்பு, கீழ்ப் பக்கம் ஒரு கம்பு, இரண்டையும் இடுப்பு உயரத்துக்கு அடித்து, நடுவில் பட்டையை விறைப்பாகக் கட்டினேன். பட்டையில் பேனாவால் ஒரு சாண் இடைவெளிக்கு இரண்டு கோடு. வெடிப்பு விரிந்தால் பட்டை இழுபடும், கோடுகள் விலகும். இறப்பர் தோட்டத்து ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது, மறைக்கவில்லை.

மறுநாள் கோடுகள் ஒரு விரல் விலகியிருந்தன. அதற்கு அடுத்த நாள் மூன்று விரல். பட்டையைச் சுண்டினால் கம்பி போல அதிர்ந்தது. நான் சொன்ன பேச்சுக்கு அன்றைக்கே பத்துக் காம்பராச் சனமும் மூட்டை கட்டிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விட்டது. வேலை நாட்களில் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. ஒரே ஒரு பெரிய அறை, முன்னால் ஒரு விறாந்தை.

அங்கேதான் வினை பிடித்தது. கோயிலுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டதால் அம்மன் படத்தையும் அந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். தங்கச்சிக்குத் தீட்டுக் கழியவில்லை. பிள்ளை பிறந்து பதினாறு நாள் முடியாமல் அம்மன் இருக்கும் அறைக்குள் அவளும் பிள்ளையும் வரக் கூடாது. யாரும் அதட்டிச் சொல்லவில்லை. அவளாகவே விறாந்தையில் ஒதுங்கிவிட்டாள். நானும் அவளை உள்ளே கூப்பிடவில்லை. அம்மனிடமும் எனக்குப் பயம்தானே.

சாக்கைத் தைத்து மறைப்புக் கட்டினோம். சாரல் அதற்குள்ளும் அடித்தது. மூன்று நாளில் குழந்தைக்குச் சளி கட்டிவிட்டது. பால் குடிக்கும்போது மூச்சு முட்டி, முகம் நீலம் பாரிக்கும். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பல்லவி.

"எப்பக்கா வீட்டுக்குப் போவோம்? நம்ம காம்பராவுல அடுப்பு மூட்டி அனல் காட்டினா புள்ளைக்குச் சரியாயிரும்க்கா."

"பட்டைய பாத்துட்டுச் சொல்றேன்."

"நல்லா பாருக்கா. இப்படியே இருந்தா புள்ள செத்துரும்."

நாலாம் நாள் விடிந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. மேட்டுக்கு ஏறினேன். என் பின்னால் ஏழெட்டுப் பேர். பக்கத்துக் காம்பரா மதினியும் வந்தார். சொந்த மதினி இல்லை, முறைக்குக் கூப்பிடுவதுதான். பால் வெட்டுகிறவர், தனிக்கட்டை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

பட்டை தொய்ந்து கிடந்தது. கயிற்றுக் கொடி போல நடுவில் இறங்கிவிட்டது. கோடுகளைச் சாண் வைத்துப் பார்த்தேன், பழையபடி ஒரு சாண். இழுவையே இல்லை.

"என்ன புள்ள, மூடிக்கிச்சா?" என்றார் மதினி.

படங்கு ஒரு பக்கம் தாழ்ந்தாற்போல இருந்தது. தண்ணீர் தேங்கிய கனம் என்று நினைத்தேன். கல்லை எடுத்துப் படங்கைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். எட்டுப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விறாந்தையில் பிள்ளை இருமுவது என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு வேண்டிய பதிலைப் பட்டை சொல்லிவிட்டது. அதற்குமேல் எதையும் பார்க்க எனக்கு மனம் இல்லை.

"மூடிக்கிச்சு மதினி. இனி பயப்பட வேணாம்" என்றேன்.

மதினி என்னைக் கட்டிக்கொண்டார். "நல்லா இருப்ப புள்ள. பத்து நாளா கண்ண மூடல. இன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கப் போறேன்."

அன்றைக்கே எல்லோரும் லயத்துக்குத் திரும்பினோம். அடுப்பு மூட்டி அனல் காட்டியதும் குழந்தை நன்றாகப் பால் குடித்தது. பால் வெட்டும் தொடங்கியது.

அடுத்த நாள் ஸ்டோர் திறந்தார்கள். பத்து நாளுக்குப் பிறகு வந்த பால் என்பதால் உறைந்த கட்டிகள் ஏராளம். அறுத்து எடுத்து, தண்ணீர் வடிவதற்காகச் சாய்வாகக் கட்டியிருந்த சிமெந்து மேடையில் வழக்கத்தைவிட உயரமாக அடுக்கினோம். பதினொரு மணி இருக்கும். நான் மெஷினில் கட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் அந்த அடுக்கு மெதுவாக அசைந்தது.

முழு அடுக்கும் விழவில்லை. முன் பாதி மட்டும் பிரிந்தது. பிரிந்த பாதியின் அடி முன்னால் வழுக்கிப் போனது. ஆனால் அதன் தலை முன்னால் சாயவில்லை, பின்னால் சாய்ந்தது. உட்கார்ந்த இடத்திலேயே வழுக்குகிறவன் மல்லாந்து சாய்வான் இல்லையா, அப்படி. அடியில் ஒரு முழம் இடைவெளி விட்டுப்போயிருக்க, உச்சியில் இரண்டு பாதியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

மேட்டிலும் இதேதான் நடந்திருக்கிறது. கீழ்க் கம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. கம்புகளின் தலை இரண்டும் கிட்ட வந்திருக்கின்றன. அதனால்தான் பட்டை தொய்ந்தது. வெடிப்பு மூடவில்லை. கீழ்ப் பாதி மலை கழன்று, லயத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஸ்டோர் ஐயா பின்னால் சிங்களத்தில் என்ன இது என்று கத்தினார், "ஏய், மொகத மே!" ஸ்டோரிலிருந்து லயத்துக்குப் பத்து நிமிட ஏற்றம். எத்தனை தடவை விழுந்தேன் என்று தெரியாது. முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

தங்கச்சி வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. வெளிய போயிரணும், இப்பவே."

"என்னக்கா இது? நேத்து நீதானே மூடிக்கிச்சுன்னு சொன்ன?"

"நேத்துச் சொன்னது தப்புடி. வா!"

"நான் வரமாட்டேன்க்கா. அந்த விறாந்தையில எம்புள்ள செத்துப் பொழைச்சிருக்கு. ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். போய் தண்ணி குடி."

பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். என் பயத்துக்கு அந்தத் தோட்டத்தில் அவ்வளவுதான் மதிப்பு. விளக்கிச் சொல்ல எனக்கு மூச்சும் இல்லை, வார்த்தையும் இல்லை. குனிந்து, எண்ணெயோடு வழுக்கிய அந்தப் பன்னிரண்டு நாள் சிசுவை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

"ஐயோ, புள்ளைய தூக்கிட்டு ஓடுறாளே! அக்காவுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு!" என்று தங்கச்சி அலறினாள்.

அந்த அலறல்தான் எல்லோரையும் காப்பாற்றியது. பச்சைப் பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஒருத்தி ஓடினால் லயம் சும்மா இருக்குமா? சோறு ஆக்கியவர்கள் அகப்பையோடு ஓடி வந்தார்கள், துவைத்தவர்கள் ஈரச் சேலையோடு. ஆம்பளைகள் "புடி, புடி" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். நான் லயத்து வாசலோரமாகவே ஓடினேன். கடைசிக்கு முந்திய கதவு சாத்தியிருந்தது. மதினியின் கதவு. விடியற்காலை வெட்டுக்குப் போய், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அவர் உள்ளே தூங்குகிறார் என்று எனக்குத் தெரியும். கையில் குழந்தை. பின்னால் கூட்டம். நின்றால் பிடித்துக்கொள்வார்கள், பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள். இதெல்லாம் அந்த நேரம் யோசித்தேனா, பிறகு நானே சேர்த்துக்கொண்டேனா, சத்தியமாகத் தெரியாது. நிற்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பும் பாதையில் தங்கச்சி என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். குழந்தையை விடாமல் மல்லாந்து விழுந்தேன். அந்தக் கணத்தில் தரை அதிர்ந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போலத் தொடங்கி, பிறகு கட்டைகள் முறியும் ஓசை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லயத்தில் முதல் நாலு காம்பரா நின்றது. மிச்சம் ஆறும் இல்லை.

தங்கச்சி என் முடியை விட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஆட்களை எண்ணினார்கள். ஒரு ஆள் குறைந்தது.

அதன் பிறகு எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. சாமி இறங்கித்தான் அவளை ஓட வைத்தது என்றார்கள். என் பயத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. பட்டையைப் பற்றியும் யாரும் பேசவில்லை. மதினியோடு அதுவும் மண்ணுக்குள் போய்விட்டது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். வருடா வருடம் அவருக்கு ஒரு விளக்கு வைப்போம், அவ்வளவுதான். இன்றைக்கும் புதுத் தரையில் கால் வைத்தால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நடப்பேன்.

குழந்தை வளர்ந்தாள். "பெரியம்மா என்னய திருடின கத சொல்லு" என்று கேட்பாள். நான் எப்போதும் ஓட்டத்திலிருந்துதான் தொடங்குவேன். எட்டு வயதில் ஒரு நாள், விளக்கு வைத்த மாலை, முன்கதையை யாரிடமோ தெரிந்துகொண்டு வந்து அவள் கேட்டாள்.

"மலை விழும்னு தெரிஞ்சு பிள்ளைக்காம்பராவுக்குப் போயிட்டீங்கதானே? அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க?"

அடுப்படியிலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

"நான்தான். நான்தான் போவோம் போவோம்னு அக்காவ அரிச்செடுத்தேன்."

எட்டு வருடமாக அவளும் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "இல்ல. நான்தான் படங்க தூக்கிப் பாக்கல" என்றேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். தங்கச்சி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

பிள்ளை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு மதினிக்கு வைத்த விளக்கைப் பார்த்தது.

"அப்ப ஓடுறப்ப, அந்த அத்தைய யாருமே எழுப்பலயா?" என்று கேட்டது.