பிலிமத்தலாவையில் என் பெயர் ஒட்டிய போத்தல்

துபாய்க் கடையொன்று இருநூறு கிலோ சுக்குத்தூள் கேட்டது. எனக்கு முதல் ஏற்றுமதி. வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றுமதியாளர் சங்கத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார்கள். சங்கத்துக்கு ஆவணியிலேயே விண்ணப்பம் போட்டிருந்தேன்; அதனால் தை மாதச் செவ்வாய் ஒன்றில் புசல்லாவையிலிருந்து புறப்பட்டேன். என்னைப்போல் வீட்டில் செய்து விற்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை 6.50 பஸ். கம்பளைக்கு 18 கிலோமீற்றர், 95 ரூபாய். பேராதனையில் மாறி பிலிமத்தலாவை, அதற்கு 120. மடியில் மாதிரிப் பொதி. மூன்று நாள் உட்கார்ந்து பொறுக்கிய இஞ்சியில் அரைத்தது. வழக்கமாக நான் அவ்வளவு நல்லவளில்லை.

சந்தியில் ஆட்டோக்காரரிடம் சங்கத்தின் பெயரைச் சொன்னேன்.

"போத்தல் வீடா? ஏறுங்க. இருநூறு."

அலுவலகத்தில் ஓர் அம்மா தேநீர் தந்தார். "வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் சுகமா?" என்றார். காய்ச்சல் வந்தது ஐப்பசியில். அங்கே யாருக்கும் நான் சொன்னதில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன்.

செயலாளர் மஸாஹிர் நானாவுக்கு அறுபது இருக்கும். என் பொதியைப் பிரிக்காமலே மேசையில் வைத்துவிட்டு, பின்னறைக்குக் கூட்டிப்போனார். வெளிச்சம் பட்டால் மாதிரி கெடுமாம், பட்டப்பகலில் திரை மூடியிருந்தது. கூரைவரை கண்ணாடிப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

"மேல் தட்டுல ஈக்கிறவங்க மௌத்தாகிட்டாங்க, இப்ப உசிரோட இல்ல. சரக்கப் பத்தி வெளிநாட்டுல கேட்டா நாங்கதானே பதில் சொல்லணும்."

கீழ்த்தட்டில் என் பெயர். என் லேபல், என் கையெழுத்து. அன்றுவரை நான் அவர்களுக்கு ஒரு மாதிரியும் கொடுத்ததில்லை. உள்ளே தூளின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம்.

"விண்ணப்பம் போட்டவங்கட சாமான நாங்களே சந்தையில வாங்கி வெப்போம். சொல்லிட்டு வந்தா நல்லதத்தானே தருவீங்க?"

ஐப்பசி மழை. கணவர் காய்ச்சலில் கிடக்க, சரியாகக் காயாத இஞ்சியை அரைத்துப் பொதி கட்டினேன். அது எனக்கு மட்டுமே தெரியும் என்றிருந்தேன். அந்த ஞாயிறு, மழைக்கு என் சந்தை மேசையில் ஒதுங்கி, என் வீட்டுக் கதை கேட்டு, ஒரு பொதி வாங்கியவர்தான் தேநீர் தந்த அம்மா என்று அப்போதுதான் பிடிபட்டது. வெட்கத்தில் நிமிர முடியவில்லை.

"கடிதம் இப்ப தர ஏலாது, மகள். கம்பளையில சங்கத்துட உலர்த்துற மெஷின் ஈக்குது. அங்க காயவெச்சுப் புதுசா அரைங்க. துபாய்க்கு நான் கதைக்கிறன்."

அங்கேயே அழைத்து இரண்டு வாரத் தவணை வாங்கித் தந்தார். பிறகு என் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுப் போத்தலை வைத்து, அதிலும் என் பெயரை எழுதினார்.

போகிறவர்களுக்கு: செவ்வாய், வியாழன், காலை 9 முதல் 1 வரை. அடையாள அட்டையும் வியாபாரப் பதிவுப் பிரதியும் போதும். பொறுக்கிய மாதிரியைச் சுமக்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். கடிதம் தயாராக இருந்தது. வெற்றுப் போத்தலும் நிறைந்திருந்தது. இடையில் வந்த இரண்டு ஞாயிறும் அந்த அம்மா என் சந்தை மேசைப் பக்கமே வரவில்லை. இந்த முறை வாங்கிய ஒவ்வொருவருக்கும் முகம் பார்த்துத்தான் கொடுத்தேன். எல்லாருமே எங்கள் ஊர்க்காரர்கள். அவர்களில் யார் சங்கத்துக்காக வாங்கினார் என்று இன்னும் எனக்குத் தெரியாது.