படத்தில் விழாத கல்

அந்த வருடம் என் கண்ணின் ஓரங்கள் போய்க்கொண்டிருந்தன. நேரே பார்த்தால் எல்லாம் துல்லியம். பக்கவாட்டில் ஒன்றுமில்லை. நரம்பு செத்துக்கொண்டே வருகிறது, போனது திரும்பாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னதை மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சுவிடவில்லை. மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்குக் கண் தெரியாது என்றால் எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?

ஒரு சனிக்கிழமை காலை, குத்தகைக்குப் பயிரிடும் ஒருவர் கடைக்கு வந்தார். கழக ஆட்சியில் குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. இவர் பெயர் ஏறாமல் தடுக்க, தானே பயிரிடுவதாக நிலத்துக்காரர் மனுப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை.

"நான் அறுக்கிறதும், சர்வே நம்பர் வெட்டின எல்லைக்கல்லும் ஒரே படத்துல விழணுங்க. இல்லாட்டி எந்த வயலோன்னுடுவாங்க."

கடையைப் பூட்டிவிட்டு அவரோடு போனேன். வயலில் இறங்கியதுமே ரோட்டில் டிராக்டர் சத்தம். நிலத்துக்காரர் ஆள் கூட்டி வருகிறார். சட்டென்று எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆனாலும் தொழில் கர்வம் விடுமா? வரப்போரம் கல்லுக்குப் பக்கத்தில் நின்றவரை, "உள்ள வாங்க, இங்கதான் கதிர் அடர்த்தியா இருக்கு" என்று நடுவயலுக்கு வரவழைத்தேன்.

கேமராவில் அவர் தெரிந்தார். தலையைத் திருப்பினேன், கல் தெரிந்தது. இரண்டையும் ஒருசேரப் பார்க்க என்னால் முடியாது. கேமராவுக்குள் கண்ணை ஓட்டித் தேடியிருக்கலாம். டிராக்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. குத்துமதிப்பாக வைத்துக்கொண்டேன்.

"கல்லு விழுதுங்களா?"

"நான் என்ன நேத்து கேமரா பிடிச்சவனா?" என்று எரிந்து விழுந்தேன்.

நாலு முறை அமுக்கினேன். டிராக்டர் வயலுக்குள் இறங்குவதற்குள் கேமராவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

அன்று மாலை நாலு படத்தையும் கழுவி, விளக்கடியில் அங்குலம் அங்குலமாகத் தேடிப் பார்த்தேன். ஒன்றிலும் கல் இல்லை. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஓடினேன். வயலில் ஒரு கதிர் இல்லை. முந்தின நாளே நிலத்துக்காரரின் ஆட்கள் மொத்தத்தையும் அறுத்து ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். குத்தகைக்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். படங்களைக் கொடுத்தேன். எனக்கு ஓரப் பார்வை கிடையாது என்று வெளியாள் ஒருவரிடம் முதன்முறையாகச் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதை நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கல்லு மேலயே கையை வச்சுக்கிட்டு நின்னிருப்பேனேங்க" என்றார்.