மாம்பழ மஞ்சளுக்கு ஒரு மானிட்டர்

மாம்பழக் கூழ் ஃபேக்டரி முதலாளி லேபிள் கட்டை என் மேசையில் வைத்தார். உட்காரக்கூட இல்லை.

"ஏம்மா, இது மாம்பழக் கூழா, நெல்லிக்காய்க் கூழா? நீயே பாத்து சொல்லு" என்றார்.

பார்த்தேன். கூழ் அடைத்த டின்னைச் சுற்றி ஒட்ட வேண்டிய லேபிள். நான் வரைந்த மாம்பழம்தான், நான் அமைத்த எழுத்துதான். ஆனால் பழம் பச்சை பாய்ந்து கிடந்தது. என் கம்ப்யூட்டர் திரையில் அதே பழம் தங்கமாக மின்னிக்கொண்டிருந்தது. அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்துத் திரையைக் காட்டினேன்.

"பாருங்க சார், நான் குடுத்தது இது. பிரஸ்ல கெடுத்துட்டாங்க" என்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை. தயக்கம் என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

அவர் திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அப்ப அந்தாளுக்கு இனிமே நம்ம வேலை கிடையாது. பில் புக்கு, எடைச் சீட்டு, எல்லாத்தையும் நிறுத்திடறேன். நீ வேற எடத்துல அடிச்சுக் காட்டு. சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள சரியா வரணும். இந்தத் தடவையும் சொதப்புனா லேபிளு பெங்களூருக்குப் போயிடும், அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத" என்றார். நான் தலையாட்டினேன்.

அன்று சாயந்திரமே பிரஸ்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். பாகலூர் ரோட்டில் சின்ன ஆஃப்செட் பிரஸ் வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தமிழை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசுவார். நான் பேசுவது சந்தைக்கடை மாதிரி. இடையில் அவருக்கு ஒரு வாக்கியம்தான் கிடைத்தது.

"ஃபைல்ல என்ன இருந்துச்சோ அதுதாம்மா வந்திருக்குது."

"மிஷினைத் துடைச்சு எத்தனை வருசமாச்சுண்ணா?" என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த லேபிள் வெறும் லேபிள் இல்லை. ஆறு வருடம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டில் சாமான் பொருத்தும் வேலை பார்த்தவள் நான். ஷிஃப்ட் முடிந்து வந்து, மாலை வகுப்பில் டிசைன் படித்து, தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கட் அவுட் என்று சில்லறை வேலைதான் வந்தது. ஃபேக்டரி வேலை என்று கிடைத்தது இந்தக் கூழ் லேபிள் ஒன்றுதான். இது போனால் மறுபடி கம்பெனிக்குப் போவது என்று நானும் வீட்டுக்காரரும் முன்பே பேசி வைத்திருந்தோம். என் பழைய சூப்பர்வைசர் இடம் காலியாக இருக்கிறது என்று இரண்டு முறை சொல்லியும் அனுப்பிவிட்டார். ஒரே மாதிரி போர்டு, ஒரே மாதிரி சாமான், நாள் முழுக்க.

அதனால் புது கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவெடுத்தேன். என் பழையதன்மேல் சந்தேகப்பட்டு இல்லை. லேபிள் ஃபைலைத் திறந்தால் அது நின்றுவிடும், நான் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் அப்படியே நிற்கும். சீசன் நெருங்குகிற நேரத்தில் அதோடு மல்லுக்கட்ட முடியாது. கொஞ்சம் வீம்பும் உண்டு. முதலாளி அடுத்த தடவை வரும்போது பெரிய திரையில் காட்டி வாயடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வாங்கப்போகிறேன் என்று தெரிந்ததும் ஓசூரில் இருக்கிற அத்தனை பேரும் நிபுணர் ஆகிவிட்டார்கள். ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, புது பிராசசரா என்று பால் வாங்கப் போன இடத்தில்கூடக் கேட்டார்கள். பெங்களூர் விளம்பரக் கம்பெனிகளில் இருக்கிற வெள்ளைக் கம்ப்யூட்டர்தான் டிசைனுக்குச் சரி என்று ஒருவர் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். நான் கேட்டது ஒன்றுதான். எனக்குத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே லேபிளில் வரவேண்டும், நான் வைத்திருக்கிற எழுத்துருக்கள் அதில் ஓடுமா? அவருக்குத் தெரியவில்லை. விசாரித்ததில் ஓடாது என்றார்கள். அத்தோடு வெள்ளைக் கம்ப்யூட்டர் ஆசையை விட்டேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் சாமான்களைத் தனித்தனியாகப் பொறுக்கி அசெம்பிள் செய்துகொள்வது என்று தீர்மானமானது.

என் வீட்டுக்காரர் டூவீலர் கம்பெனியில் பெயின்ட் பிரிவில் இன்ஸ்பெக்ஷன் பார்த்தார். பெட்ரோல் டேங்க் பெயின்ட் ஆகி வந்தால் சாம்பிள் தகடு ஒன்றைப் பக்கத்தில் பிடித்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. சாம்பிள் இல்லாமல் அந்த மனிதர் கத்தரிக்காய்கூட வாங்கமாட்டார். கிளம்பும்போது என் ஃபைல் இருந்த சிடியோடு, திரும்பி வந்த லேபிளில் ஒன்றையும் பையில் வைத்தார்.

"அந்தக் கெட்டுப்போன லேபிளு எதுக்குங்க?" என்றேன்.

"நல்ல சாம்பிள் இல்லைன்னா கெட்ட சாம்பிளாவது கையில இருக்கணும்" என்றார். ஷிஃப்ட் முடிந்து வந்த மனிதரிடம் எதற்கு வாக்குவாதம் என்று விட்டுவிட்டேன்.

எஸ்.பி. ரோட்டில் பகல் முழுக்க அலைந்தோம். தட்டை மானிட்டர் அப்போதுதான் பரவலாக வர ஆரம்பித்திருந்தது. எல்லாக் கடைக்காரரும் அதைத்தான் முன்னால் வைத்திருந்தார்கள். திரையில் கிளி, கடற்கரை, ரோஜாப்பூ. என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தே பேசினார்கள். "சார், இது நோடி, எஷ்டு கிளியர்" என்று கன்னடத்தில் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவர் என்னைக் கைகாட்டுவார். நான் சிடியை நீட்டி, "உங்க கிளியை எடுத்துட்டு என் மாம்பழத்தைப் போடுங்க" என்பேன்.

போட்டார்கள். ஒரு கடையில் பழம் தங்கமாக இருந்தது, அடுத்ததில் எலுமிச்சையாக, அதற்கடுத்ததில் பூஜைக்கு வைத்த சாமந்தியாக. ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆனால் எல்லாமே அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்தால் எனக்குப் போதும் என்றுதான் நானும் இருந்தேன். கடைசியாக ஒரு கடையில் சிபியு முழுக்க எனக்குப் பிடித்த சாமானாகப் போட்டுத் தரச் சொல்லி, ஒரு தட்டை மானிட்டரையும் பேசி முடித்தேன். அப்போது பார்த்து இவர் வாயைத் திறந்தார்.

"டியூப் லைட்டுல கலர் பாக்கக்கூடாது. வெளிய எடுத்துட்டுப் போய் வெயில்ல பாக்கணும்" என்றார்.

கடைக்காரர் விழித்தார். "சார், மானிட்டரையா?"

"எங்க கம்பெனியில டேங்கையே தூக்கிட்டுப் போய்தான் பாப்போம்."

சொல்லிக்கொண்டே தூக்கிவிட்டார். வயர் வாசல்வரை எட்டியது. நான் சிபியுவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பட்டப்பகல் வெயில். திரையில் மாம்பழமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்கள் இரண்டு பேர் முகமும் எதிர்க்கடை போர்டும்தான் தெரிந்தது. தெருவில் நின்றிருந்த ஆட்டோக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். "டேங்குன்னா அதுல வெளிச்சம் பட்டாதான் கலரு. இது தானே வெளிச்சம் குடுக்கற சாமான், ஏங்க இந்தக் கூத்து" என்று பல்லைக் கடித்தேன். இவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. அவசரமாக உள்ளே திரும்புகிறபோது வயர் கதவில் மாட்டி இழுபட்டு, திரை அணைந்துபோனது.

கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிபியு கெட்டதா, மானிட்டர் கெட்டதா என்று பார்க்க, மூலையில் கிடந்த ஒரு பழைய குண்டு மானிட்டரை இழுத்து வந்து மாட்டினார். ஏதோ விளம்பரக் கம்பெனிக்காரர்கள் தட்டையாக மாற்றிக்கொண்டபோது கொடுத்துவிட்டுப் போனதாம். ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம். படம் வந்தது. என் மாம்பழம் வந்தது.

பச்சையாக இருந்தது.

"மேடம், அது பழைய பீஸ், கலர் போயிருக்கும். உங்க புது மானிட்டர் அப்படி இருக்காது" என்று கடைக்காரர் பதறினார். ஆனால் இவர் அதற்குள் பையிலிருந்து லேபிளை எடுத்துவிட்டார். தாளை மட்டும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே வந்து திரையைப் பார்த்தார். மறுபடி வாசல், மறுபடி திரை. பிறகு தாளை என் கையில் கொடுத்தார்.

நானும் வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். பழத்தின் காம்புப் பக்கம் நான் போட்டிருந்த நிழல்கூட தாளில் இருந்தபடியே அந்தத் திரையில் இருந்தது. பிரஸ்காரர் என் ஃபைலில் இருந்ததை ஒரு புள்ளி கூடக் குறையாமல் அடித்திருக்கிறார். என் மாடியில் இருந்த பழைய மானிட்டர்தான் பச்சையை விழுங்கிவிட்டு எனக்குத் தங்கம் காட்டியிருக்கிறது. அதை நம்பி நானே உட்கார்ந்து நிறத்தைக் கெடுத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மிஷினைத் துடைச்சு எத்தனை வருசமாச்சு என்று கேட்டேனே, அந்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"இந்த மானிட்டரைக் குடுங்க" என்றேன்.

"இதையா? மேடம், இதை யாரும் வாங்கமாட்டாங்க."

"அதனாலதான் கேக்கறேன்."

புதிதாகப் பேசிய தட்டை மானிட்டரும் வயரைச் செருகியதும் உயிர் பெற்றது. கடைக்காரர் அதைத் தடவித் தடவிக் காட்டினார். அதில் என் தப்பு இன்னும் அழகாகத் தெரிந்தது. எனக்கு வேண்டாம் என்றேன். அழகாகக் காட்டுவதை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். சிபியுவுக்கும் குண்டு மானிட்டருக்கும் பில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டோம். பஸ்ஸில் அந்தக் குண்டு மானிட்டர் ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பில்லைப் பார்த்தவர், "பழைய டிவியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை.

மறுநாள் ஃபைலைத் திறந்து மாம்பழத்தில் மஞ்சளோடு கலந்து பச்சையாக்கிய நீலத்தை எடுத்தேன், சிவப்பைக் கூட்டினேன். சந்தையில் வாங்கிய பழம் ஒன்றை அறுத்து வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சரியாக வந்ததும் எனக்குள் ஒரு தெளிவு. இனி இந்த நிறம் தப்பாது, எவர் அடித்தாலும் தப்பாது. ஆனால் வேறு எவரிடமும் கொடுத்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை. நேராகப் பாகலூர் ரோட்டுக்குப் போனேன்.

பிரஸ்காரர் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அண்ணா, தப்பு என்னோடது. என் மானிட்டர் சரியில்ல. நீங்க அடிச்சது சரி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "சரி. முதலாளிக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது? எனக்குத்தான் அப்பவே தெரியுமே" என்றார். குரலை உயர்த்தவில்லை. சிடியை வாங்கி, மாதிரிக்கு ஐம்பது தாள் அடித்துக் கொடுத்தார்.

அந்தத் தாள்களோடு கிருஷ்ணகிரி போய் முதலாளி முன்னால் வைத்தேன். ஆபீஸில் மேனேஜரும், சிங்காரப்பேட்டையிலிருந்து பழம் பேச வந்திருந்த இரண்டு தோட்டக்காரர்களும் இருந்தார்கள். முதலாளி ஒரு தாளை எடுத்துத் தூரப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது மாம்பழம்" என்றார். "பாத்தியா, பிரஸ்ஸ மாத்துனதும் எப்படி வந்திருக்குது. எந்த பிரஸ்ஸும்மா?"

சும்மா இருந்திருந்தால் முடிந்திருக்கும். ஒரு பெயர் சொல்லி, தலையாட்டி, ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

"அதே பிரஸ்தான் சார். முதல்ல கெட்டது என்னால. உங்ககிட்ட அவங்க மேல பழி போட்டுட்டேன்."

தோட்டக்காரர்கள் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். முதலாளி தாளைக் கீழே வைத்தார். "அன்னிக்கு என்னமா அடிச்சுப் பேசுன. நான் அந்தாளு வேலையெல்லாம் நிறுத்திட்டேனே" என்றார். பிறகு மேசைப் போனை எடுத்து எண்ணை அழுத்தி ரிசீவரை என்னிடம் நீட்டினார். "எல்லாரும் கேக்கட்டும். நீயே சொல்லு."

சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும் திருத்தமாகச் சொன்னேன். மறுமுனையில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அது நின்றது. "சரிம்மா. போனை முதலாளிகிட்ட குடு" என்றார் பிரஸ்காரர்.

கொடுத்தேன். முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ம்" என்றார். "அப்படியா" என்றார். கம்பெனி சூப்பர்வைசர் முகம் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. நாளைக்கே போய்ப் பார்க்க வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். முதலாளி ரிசீவரை வைத்தார்.

"லேபிளு நீயே பண்ணணுமாம். வேற யாராச்சும் பண்ணா அவருக்கு என் வேலையே வேணாமாம். அப்ப நீயே பண்ணு" என்றார்.

மேசையில் கிடந்த தாள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, பாகலூர் ரோட்டுக்குப் பஸ் ஏறினேன்.